பிப்ரவரி 14-க்கு ஒரு மொட்டு

ஓசூர்,
ஜனவரி 28

அன்புள்ள கண்ணம்மா,

உன் தங்கைக்குக் குங்குமப்பூ வாங்கப் போய், ஒரு கிராம் டப்பாவின் விலையைக் கேட்டு மலைத்துப்போனதாக எழுதியிருந்தாய். இத்தனை பாடுபட்டு அந்தப் பூவை ஏன் வளர்க்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டும். ஒரு பூவில் மூன்றே சிவப்பு இழை. அந்தச் செடி விதை வைக்காது. காஷ்மீரின் பாம்பூரில் மனிதர் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டால்தான் அடுத்த பூ.

பாம்பூருக்கு நான் போனதில்லை. இந்த ஊர் ரோஜாக்காரர்களிடம் உன் கேள்வியைக் கேட்டேன்.

சிப்காட் ஷிப்டு பஸ்களைத் தாண்டிப் பாகலூர்ப் பக்கம் போனால் வெள்ளை வெள்ளையாகப் பசுமைக்குடில்கள். சுமார் 900 மீட்டர் உயரம், இதமான குளிர். பெங்களூரு விமான நிலையமும் எட்டும் தூரம். அமுதகொண்டபள்ளியில் மாநில அரசின் டிட்கோ நிறுவனம் பங்கேற்ற டான்ஃப்ளோரா ரோஜாப் பூங்காவே இருக்கிறது. நான் நுழைந்தது ஒரு சின்ன விவசாயியின் குடில்.

விடிந்தும் விடியாத நேரம். ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு வலைக் குல்லா! அதை மாட்டிக்கொண்டிருந்த அக்கா, தெலுங்கு வாடைத் தமிழில் சொன்னார்: “இது இல்லேன்னா சீக்கிரம் விரிஞ்சிரும்மா. உள்ள இருந்தாத்தான் மொட்டு பெருசாகும்.” ஆயிரக்கணக்கான மொட்டுகள், அத்தனைக்கும் அவர் விரல்கள். வெட்டிய ‘தாஜ்மகால்’ ரோஜாக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறைக்கு அனுப்புகிறார்கள்.

காதலர் தினத்துக்காக டிசம்பர் நடுவிலேயே செடியைக் கவாத்து செய்துவிடுகிறார்கள். மொட்டு வர நாற்பத்தைந்து, ஐம்பது நாள். பனி கூடினால் பூ பிந்தும். வெயில் ஏறினால் முந்தும். 14-ஆம் தேதி தாண்டி மலர்ந்த பூவை யார் காதலர் தின விலைக்கு வாங்குவார்கள்? அந்தக் கவலை அவர்கள் முகத்தில் அப்படியே தெரிகிறது.

குடில்கார விவசாயியிடம் கேட்டேன்: “பின்னே ஏன் அண்ணா இதைப் போடுறீங்க?”

“ராகி வீட்டுக்குக் களி போடும்மா. புள்ளைங்க ஃபீஸை இந்தப் பூதான் கட்டுச்சு.”

ஆயுத பூஜைக்கு இந்த மாவட்டத்துச் செண்டுமல்லியும் சாமந்தியும் லேத்துக்கும் லாரிக்கும் மாலையாகும். அதற்கும் ஒரே ஒரு நாள்தான் கெடு. பூ விவசாயியைப் போல நாட்காட்டிக்குப் பயந்து வாழ்பவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ரோஜா வாங்கினால், தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வை. தினமும் தண்ணீரை மாற்று. அந்த அக்கா சொல்லச் சொன்னது இது.

அன்புடன்,
உன் வள்ளி