கிணற்று நீரும் கணித ஆசிரியரும்

தரவுப் பகுப்பாய்வு என்னும் சொற்றொடர் அண்மைக் காலத்தில் நமது கல்விக்கூடங்களில் மந்திரம்போல் உச்சரிக்கப்பட்டு வருகின்றது. விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் ஒருங்கிணைத்துக் கற்பிக்க வேண்டும் என்போர், அந்நான்கையும் பிணைக்கும் கயிறு தரவே என்கின்றனர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால், அக்கயிற்றை முடியவேண்டிய ஆசிரியருக்கு நாம் எதைக் கற்பிக்கின்றோம் என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது என் எண்ணம். கலைப்பீடத்திற் புவியியல் பயிலும் ஒருவன் கணித ஆசிரியரின் பயிற்சி பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். என் தமக்கையார் வலிகாமத்துப் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பிப்பவர் என்பதும், இப்பீடத்திலிருந்து வெளியேறும் எம்மிற் பலர் நாளை வகுப்பறைகளுக்கே செல்லவிருக்கிறோம் என்பதுமே நான் கூறக்கூடிய சமாதானம்.

சென்ற ஆண்டு அவர் இரு நாட் செயலமர்வொன்றிற் பங்குபற்றினார். இலத்திரனியல் விரிதாளில் ஒரு நிரலைத் தெரிவுசெய்து இடை காண்பது எவ்வாறு, வட்ட வரைபுக்கு நிறந்தீட்டுவது எவ்வாறு என்பனவெல்லாம் பொறுமையுடன் கற்பிக்கப்பட்டன. கொடுக்கப்பட்ட தரவோ, இல்லாத ஒரு வகுப்பின் இல்லாத நாற்பது மாணவர் பெற்ற புள்ளிகள். அவற்றில் விடுபட்ட எண் ஒன்றேனும் இல்லை. ஐயத்துக்கிடமான எண்ணும் இல்லை. “உதை நான் கையாலையே கெதியாச் செய்வன், தம்பி” என்றார் வீடு திரும்பிய தமக்கையார்.

கணிப்பதற்கும் காண்பதற்கும் உள்ள தொலைவை 1973ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் அன்ஸ்கொம் என்னும் புள்ளிவிபரவியலாளர் எடுத்துக்காட்டியுள்ளார். அவர் நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் ஒரு மாறியின் இடை 9. மற்றையதன் இடை ஏறத்தாழ 7.5; இணைபுக் குணகமும் ஏறத்தாழ ஒன்றே. விரிதாள் நான்கையும் ஒரே பொருளெனவே கூறும். வரைபிற் குறித்தாலோ ஒன்று சிதறிய நேர்கோடாகவும், ஒன்று வளையியாகவும் தோன்றும். எஞ்சிய இரண்டிலும் விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளி முழுக் கணக்கையும் தன் பக்கம் இழுத்திருக்கும். அரை மணி நேரத்தில், தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடிய இப்பயிற்சியை ஓர் ஆசிரியர் தாமே செய்து திகைத்திருப்பாராயின், அவர் மாணவரையும் திகைக்க வைப்பார். நியூசிலாந்து 2007இல் வெளியிட்ட கலைத்திட்டத்திற் பாடத்தின் பெயரையே ‘கணிதமும் புள்ளிவிபரவியலும்’ என்று வைத்தது. அங்கு வழங்கும் ஆய்வு வட்டம் பிரச்சினை, திட்டம், தரவு, பகுப்பாய்வு, முடிவு என ஐந்து படிகளைக் கொண்டது. நமது செயலமர்வு அவ்வைந்தில் நான்காவதை மட்டுமே தொட்டது எனலாம்.

முதலாவது படியாகிய பிரச்சினை எமது முற்றத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கற் படைகளுக்குள் இறங்கித் தேங்கும் நீரே கிணறுகளில் ஊறுகின்றது. தோட்டத்தில் இடும் உரமும், மலகூடக் குழிகளின் கசிவும் அதே வழியாகவே இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் வழிகாட்டல். மிஞ்சினாற் போத்தற் பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளுக்கே முதலில் ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று அகலாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆவணி மாதத்தில், நிறமாறும் சோதனைக் கீலங்கள் சிலவற்றை வாங்கி, பதினோராந் தர மாணவரிடம் ஒவ்வொருவரும் வீட்டுக் கிணற்றிலிருந்தோ தோட்டக் கிணற்றிலிருந்தோ ஒரு போத்தல் நீர் கொண்டுவருமாறு தமக்கையார் கூறினார். விடுமுறையில் ஊர் சென்றிருந்த நான் எழுத்தராகக் கடமையாற்றினேன். செயலமர்வுத் தரவு போலன்றி இத்தரவு முரண்டு பிடித்தது. சில போத்தல்களிற் பெயரில்லை. கிணற்றின் ஆழத்தை ஒருவர் அடியிலும் மற்றொருவர் மீற்றரிலும் எழுதினர். ஒரு மாணவன் தன் அப்பாவின் கணக்குப்படி ‘மூன்று பனை’ என்றே எழுதியிருந்தான். கீலத்தின் நிறம் 25இற்கும் 50இற்கும் இடையில் நின்றபோது எதை எழுதுவது என்று இரு மாணவியர் நெடுநேரம் வாதிட்டனர். அவ்விடத்தில்தான் தமக்கையார் கரும்பலகைக்குத் திரும்பினார். திட்டமான எண் கிடையாதவிடத்து ஆயிடையாக எழுதுகின்றோம். ஆயிடையின் நடுப்பெறுமானத்தைக் கொண்டு இடை காண்கின்றோம். ஆண்டுதோறும் பரீட்சைக்காக மனனஞ் செய்யப்படும் வகுப்பாக்கப்பட்ட தரவு என்னும் பகுதி எதற்காகத் தோன்றியது என்பதை அன்றுதான் அவ்வகுப்பு கண்டது. நானுங் கண்டேன்.

கணித்த இடை 50இற்குக் கீழே வந்தது. வகுப்பிற் சிலர் ஆறுதலடைந்தனர். ஆனால், இடைக் கிணற்றிலிருந்து எவரும் நீர் அள்ளுவதில்லை. சில கிணறுகள் எல்லையைத் தெளிவாகவே கடந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்குரிய மாணவி எழுந்து, “ரீச்சர், வீட்டிலை அக்காவின்ரை பிள்ளைக்கு மூண்டு மாசம். இந்தத் தண்ணி குடுக்கலாமோ?” என்று கேட்டாள்.

எந்தச் செயலமர்வும் இவ்வினாவுக்கு ஆசிரியரை ஆயத்தஞ் செய்திருக்கவில்லை. கீலம் ஆய்வுகூடமன்று, அது கூறுவது ஓர் ஐயத்தை மட்டுமே என்றும், முறையான பரிசோதனை முடியும் வரை குழந்தைக்கு வேறிடத்து நீரே நல்லது என்றும் தமக்கையார் கூறினார். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் கடிதமெழுதி அம்மாணவியிடமே கொடுத்தனுப்பினார். சுவரில் ஒட்டவிருந்த அட்டவணையிலிருந்து வீட்டுப் பெயர்களையும் நீக்கிவிட்டார். ஒரு குடும்பத்தின் கிணறு ஊர்ப்பேச்சாகிவிடக் கூடாதல்லவா? தரவு மனிதருடையது என்னும் இவ்வுணர்வைப் பயிற்சித் திட்டத்தின் எந்தப் பக்கத்திற் சேர்ப்பது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

நிற்க. அன்று எழுந்த ஐயங்களிற் பாதிக்குக் கணிதத்தில் விடையில்லை. சுண்ணக்கல் பற்றிப் புவியியல் ஆசிரியரும், நைத்திரேற்றுப் பற்றி விஞ்ஞான ஆசிரியரும் கூறவேண்டியிருந்தது. நாம் பயிற்சிகளை நடத்துவதோ பாடவாரியாக. கணிதத்தாருக்கு ஒரு நாள், விஞ்ஞானத்தாருக்கு மற்றொரு நாள். ஒரு பாடசாலையின் மூன்று பாட ஆசிரியர்களை ஒரே மேசையில் இருத்தி, விடை தெரியாத உள்ளூர்த் தரவு ஒன்றை அவர்கள் கையிற் கொடுத்தாலென்ன? கணினி இரண்டாம் நாள் வரட்டும். பரீட்சை இதற்குப் புள்ளி வழங்காதே என்பர். உண்மைதான், அவ்விரு பாடவேளைகளுக்கும் பாடத்திட்டத்தில் இடந்தேடத் தமக்கையார் பட்ட பாட்டை நானறிவேன். ஆயினும், வகுப்பாக்கப்பட்ட தரவுப் பகுதியை அவ்வாண்டு அவர் மீளக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மழை பெய்தால் நைத்திரேற்றுக் குறையுமா, கூடுமா என்பதில் அவ்வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கின்றது. நீர் பெருகுவதால் ஐதாகும் என்பது ஒரு சாரார் வாதம். தரையிலுள்ள உரத்தை மழையே கிணற்றுக்குள் இறக்கும் என்பது மறுசாரார் வாதம். தமக்கையார் விடை கூற மறுத்துவிட்டார். மாரி கழிந்ததும், தை மாதத்தில், அதே கிணறுகளை மீண்டும் அளப்பதாக இருக்கின்றார்கள். கீலங்களுக்கான செலவை யார் ஏற்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.