மேப்பில் மூடிய கடை

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இருக்கிறது அந்த மெஸ். களி, மீன் குழம்பு, ஞாயிறன்று நாட்டுக்கோழி. பெங்களூரு கார்கள் வாசலைத் தாண்டிப் போகுமே தவிர, நிற்பதில்லை. 'கைப்பக்குவம் போயிருச்சோ?' என்று அந்த அம்மா குழம்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

தர்மபுரியில் காலேஜ் படிக்கும் மகள் ஒருநாள் மொபைலை நீட்டினாள். கூகுள் மேப்பில், கடைப் பெயருக்குக் கீழே, 'நிரந்தரமாக மூடப்பட்டது'!

2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தது. அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். அந்த இடைவெளியில் யாரோ போட்டுவிட்ட குறிப்பு. மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். கடைக்காரர் கவனிக்காவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

விசாரித்ததில் ஒருவர், "பதினஞ்சாயிரம் குடுங்க, முதல் இடத்துல காட்டுறோம்" என்றார். காசு கொடுத்து மேப் வரிசையில் மேலே வர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் வேறு கணக்கு. தேடுவதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எத்தனை பேருக்குத் தெரிந்த கடை... இந்த மூன்றையும்தான் பார்க்கிறது. மற்ற இணையதளங்கள் தரும் லிங்க்கும், சாப்பிட்டவர்கள் எழுதும் விமர்சனமும் அந்த மூன்றாவதில் சேரும். பழைய வாய்வழிப் பேச்சுதான், வேறென்ன!

மகளே உட்கார்ந்தாள். கடையைத் தன் பொறுப்பில் எடுக்க வீடியோ கேட்டது. சாலை, போர்டு, அம்மா பூட்டைத் திறப்பது எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினாள். அம்மா அதற்காகவே நல்ல சேலை கட்டிக்கொண்டார். பக்கத்து லாட்ஜ்காரரிடம் சொல்லி, அவர்கள் வெப்சைட்டில் 'சாப்பிட' என்ற இடத்தில் கடையின் லிங்க்கைப் போட வைத்தாள்.

தகராறு போன் நம்பரில் வந்தது. மேப்பிலும் பழைய டைரக்டரிகளிலும் இருந்தது அப்பாவின் நம்பர். போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது.

"உன் நம்பரைப் போட்டுரலாம்மா."

"வேண்டாம் கண்ணு. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

மகளுக்கு அது தெரியாது. பெயர், முகவரி, நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதுதான் நல்லது என்று அவளும் படித்திருந்தாள். மேற்கொண்டு பேசாமல் அந்த சிம்மைக் கழற்றி அம்மாவின் போனில் போட்டாள். சிவப்பு எழுத்து போக இரண்டு வாரம் ஆனது.

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. கன்னடம் கலந்த தமிழ். "சார் இருக்காரா? பன்னிரண்டு பேர் வர்றோம், மீன் சாப்பாடு கிடைக்குமா?"

அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை.

"சார் இல்லீங்க. சாப்பாடு இருக்கு, வாங்க."