வண்டியும் வில்லும்

நம் பக்கத்துக் கிராமங்களில் பெரிய வீட்டுக்காரர்கள் வைத்திருந்த மாட்டு வண்டிக்கு வில் வண்டி என்று பெயர். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருந்ததால் வந்த பெயர் அது. வடக்கே வந்த பின் அதே பட்டைகளைக் 'கமானி' என்று சொல்லக் கேட்டேன். கமான் என்ற பாரசீகச் சொல்லுக்கும் வில் என்றுதான் பொருள். நம் ஊர்ப் பட்டறைகளிலும் கமான் பட்டை என்றே வழங்குகிறார்கள்.

நாகபுரியிலிருந்து திருநெல்வேலிக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே அழைத்துச் சென்றுவிடுகிறது. கோடை விடுமுறையில், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட ஓர் இரு சக்கர இழுவண்டியைக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு அவ்வழியே போவது எங்கள் குடும்ப வழக்கம். ஓடும்போது இழுவண்டியில் எவரும் அமர்வதில்லை. ஆனால் முன் வண்டியில் எண்பது வயதை நெருங்கும் என் தாயாரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பின்னால் வருவதன் கமான் நடுச்சாலையில் முறிந்து அச்சு கோணிக்கொண்டால், முன்னே செல்வதையும் அது இழுத்துச் சாய்த்துவிடக் கூடும். ஆகையால் புறப்படுவதற்கு முன் அடியில் படுத்துப் பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

இம்முறை பார்த்தபோது வண்டி இடப்புறம் 28 மி.மீ. தாழ்ந்திருந்தது. இடது கட்டு வளைவு இழந்து ஏறக்குறையத் தட்டையாகியிருந்தது. இரண்டாம் பட்டையில், நடு போல்ட்டின் துளையருகே மயிரிழை போல ஒரு விரிசல். பட்டைகள் பெரும்பாலும் அவ்விடத்திலோ கண்ணின் அருகிலோதான் விட்டுப்போகும்.

கொல்லுலையில் காய்ச்சி மீண்டும் வளைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார். கமானுக்குரிய எஃகு சிலிக்கனும் மாங்கனீசும் கலந்தது. செந்தணலாகக் காய்ச்சி, எண்ணெயில் ஆற்றி, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தியே அதற்கு அந்தத் துள்ளலை ஊட்டுகிறார்கள். உலையில் கணக்கின்றிக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். சூடேற்றாமல் சுத்தியலால் தட்டினாலோ சில மாதங்களில் பழையபடி தட்டையாகிவிடும். விரிசல் கண்ட கட்டுக்கு இரண்டும் மருந்தல்ல. ஒரு பக்கம் மட்டும் புதிதாக்கினால் வண்டி மறுபக்கம் சாயும். எனவே இரண்டையும் மாற்றுவதென்று முடிவு செய்தோம்.

இங்கேதான் வழக்கு எழுந்தது. "மாப்பிள்ளை, கனமானதாகவே போட்டுவிடுங்கள். ஆயுசுக்கும் கவலையில்லை" என்றார் என் மைத்துனர். கடைக்காரரும் 8 மி.மீ. கனப் பட்டைகளை எடுத்துக் காட்டினார். பழையவை 6 மி.மீ. இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நீளமும் அகலமும் எண்ணிக்கையும் மாறாமல் 6 மி.மீ. 8 ஆனால், விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகும். நீளத்தின் காரியம் இதற்கு நேர் எதிர்: கண்ணுக்குக் கண் பத்தில் ஒரு பங்கு நீண்டால் விறைப்பு கால் பங்கு குறையும்.

என் கையில் வேறொரு கணக்கும் இருந்தது. எல்லாச் சாமானையும் ஏற்றி, தொட்டியில் நீரும் நிரப்பி, சக்கரங்களை எடை மேடையில் நிறுத்தியபோது 820 கிலோ காட்டிற்று. சக்கரங்களும் அச்சும் கமானுக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்காக 120 கிலோ கழித்தால் கட்டு ஒன்றுக்கு 350 கிலோ பாரம். 45 மி.மீ. அகலமும் 650 மி.மீ. நீளமும் உள்ள ஐந்து பட்டைக் கட்டு இந்தப் பாரத்தில் சுமார் 35 மி.மீ. அமிழும். கனப் பட்டைகளோ 15 மி.மீ. அளவே அமிழும். வில் வளையாவிட்டால் குலுக்கல் எங்கே போகும்? சட்டத்தின் பற்றவைப்புகளுக்கும் அலமாரி ஆணிகளுக்கும்தான் போகும். அன்றியும், கமானைக் கனமாக்கியதால் அச்சும் தாங்கியும் டயரும் கூடுதல் பாரம் சுமக்கப் போவதில்லை.

ஆயினும் மைத்துனரின் பேச்சை முற்றிலும் தள்ளவும் மனமில்லை. வண்டி வாங்கிய பிறகு குளிர்ப்பெட்டியும் மின்கலமும் ஏறியிருந்தன. ஆகவே அதே 6 மி.மீ. கனத்தில் ஐந்துக்குப் பதில் ஆறு பட்டைகள் என்று கேட்டேன். விறைப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். ஒவ்வொரு பட்டையின் மேலும் விழும் சுமையோ குறையும். "இது நடுநிலைத் தீர்ப்பு" என்று மைத்துனர் சிரித்தார். ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் போகும் அன்பர்கள் பழைய கட்டையே கையோடு கொண்டு போவது உத்தமம். கண்ணின் உள்விட்டம், பட்டையின் அகலம், இரு கண்களின் நடுவிலிருந்தும் நடு போல்ட் இருக்கும் தூரம் ஆகியவை ஒத்துவர வேண்டும். நடு போல்ட் சரிமத்தியில் இல்லாத கட்டுகளும் உண்டு. திருப்பிப் பூட்டினால் அச்சு முன்னோ பின்னோ நகர்ந்து நிற்கும். யு-போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்கவேண்டும்; ஒருமுறை இறுக்கி நீண்டவை மறுமுறை அதே பிடியைத் தரமாட்டா. எங்களுக்குப் பட்டை ஒன்று கூடியதால் 6 மி.மீ. நீண்ட கால்கள் தேவைப்பட்டன. கண்களுக்குள் போகும் புஷ்களையும் அப்போதே மாற்றினோம்.

புதுக் கட்டு ஓடி அமர்ந்த பின் யு-போல்ட் சற்றுத் தளரும். முதல் நிறுத்தமாகிய ஹிங்கன்காட்டில் நானும் மைத்துனரும் இறங்கி மறுபடி இறுக்கினோம். ஒவ்வொன்றும் கால் திருகு வாங்கியது. வலது கட்டின் தாய்ப் பட்டையில் மட்டும் விரிசல் ஏதும் இல்லை. அதை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, வழியில் உதவும் என்று படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறோம்.