அணைத்த பிறகும் விழித்திருந்த கேமரா

விடிகாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்ச் சந்தில் ஆச்சி இறந்துவிட்டார். "அண்ணே, ஆச்சிக்குன்னு உருப்படியா ஒரு போட்டோகூட இல்ல. சீக்கிரம் வாங்க" என்றான் பேரன்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் கூப்பிடப்படுபவர் அவர். தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். மகனுக்குச் சோறு போடுவது, தவணையில் வாங்கிய பழைய டிஜிட்டல் கேமரா. ஆச்சியின் முன் நின்று சுவிட்சைத் தள்ளினார். உயிரில்லை. நான்கு நாட்களுக்கு முன்தான் முழுதாக சார்ஜ் செய்திருந்தார். மாற்று பேட்டரி வாங்குவதை மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தார். கடைசியில் யாரோ செல்போனில் எடுத்த மங்கலான படம்தான் மிஞ்சியது.

"பேட்டரி செத்துடுச்சு, வேற வாங்கு" என்றார்கள் நண்பர்கள். பழைய நிக்கல் பேட்டரிகள் சும்மா கிடந்தாலே மாதத்தில் கால் பங்கு மின்சாரத்தை இழக்கும். ஆனால் இது லித்தியம் அயான். நல்ல நிலையில் இருந்தால் மாதத்துக்குச் சில சதவீதம்தான் குறையும்.

செலவழிக்குமுன் சோதித்துவிடலாம் என்று தீர்மானித்தார். சார்ஜ் செய்த பேட்டரியைக் கழற்றி நான்கு நாள் டப்பாவில் வைத்தார். ஏறக்குறைய முழுதாகவே இருந்தது. பிறகு அதையே கேமராவில் போட்டு, அணைத்து வைத்தார். நான்காம் நாள் காலி. திருடன் கேமராவுக்குள்தான்.

அணைத்த கேமரா முழுதாகத் தூங்குவதில்லை. தேதியும் நேரமும் காட்டும் கடிகாரம் ஓடும். அது குடிப்பது சொற்பம். ஆனால் வேறெங்காவது 20 மில்லியாம்பியர் கசிந்தாலே போதும். 1,800 மில்லியாம்பியர்-அவர் பேட்டரி 90 மணி நேரத்தில், அதாவது நான்கு நாட்களுக்குள் தீர்ந்துவிடும்.

லென்ஸைக் கழற்றிப் பார்த்தார், மெமரி கார்டை எடுத்துப் பார்த்தார். மாற்றமில்லை. கடைசியாக மெனுவை வரி வரியாகப் படித்தபோது அகப்பட்டது: ஜி.பி.எஸ். படம் எடுத்த இடத்தைக் குறித்துவைக்கும் வசதி. சில கேமராக்களில் சுவிட்சை அணைத்தாலும் இது அணையாது. முன்பு வைத்திருந்தவர் அதை இயக்கிவிட்டு அப்படியே விற்றிருக்கிறார்.

பத்துக்குப் பத்து அறை. தகரக் கூரை. அதற்கடியில் பரண்மேல் கிடந்தபடி, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களை அது இரவும் பகலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறது, தான் இருக்கும் இடம் எது என்று தெரிந்துகொள்ள.

"சர்வேக்காரங்களுக்காக நாங்களும் அதுக்குத்தானே காகிதத்தைத் தேடிக்கிட்டு இருக்கோம்" என்று சிரிக்கிறார் அவர். தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே இலவச வீடு கிடைக்க, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

ஜி.பி.எஸ்ஸை அணைத்த பிறகு பேட்டரி வாரக்கணக்கில் தாங்குகிறது. இருந்தும் தினமும் இரவில் அதைக் கழற்றித்தான் வைக்கிறார். எதிர்ச் சந்து வீட்டில் அந்த மங்கலான படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அந்த வழியே போகும்போது மட்டும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.