மாரிக்கு முதல் ஒருக்கா பிரட்டிப் பாருங்கோ

கரம் போர்ட் விளையாடிப் பழுதாகிறது குறைவு. விளையாடாமல் கிடந்துதான் பழுதாகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தாலே இது விளங்கும். அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, அறை மூலையில் சுவரோடு சாய்த்தபடி என்று பாதி வீடுகளில் ஒரு போர்ட் இருக்கிறது. 2020 ஊரடங்கு நேரம் அவசரமாக வாங்கினது, அண்ணா வெளிநாடு போக முதல் விளையாடினது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லுவினம். எடுத்து மேசையில் வைத்தால் நடுவில் குழிந்திருக்கும், காய் தானாக உருண்டு வந்து நடுவில் நிற்கும். "இனி இது சரிவராது, எறியவேண்டியதுதான்" என்று சொல்லித் திரும்பவும் அதே மூலையில் சாய்த்து வைப்பினம்.

நாங்கள் மூன்று பேர், சகோதரிகள். எங்கட வீட்டு போர்ட் எங்களைவிட வயது கூடினது. அப்பா கலியாணத்துக்கு முதல் ஊரில் தச்சு வேலை செய்த ஒரு ஐயாவிடம் சொல்லிச் செய்வித்தது. இன்றைக்கும் காய் வழுக்கிக்கொண்டு ஓடும். "இதை எப்பிடி இப்பிடி வச்சிருக்கிறியள்?" என்று கேட்கிற ஆட்கள் கனபேர். அவர்களுக்காக எழுதத் தொடங்கினோம். எழுதிக்கொண்டு போகப்போக இது பலகையைப் பற்றின கதையாக மட்டும் நிற்கவில்லை.

முதலில் பலகை. போட்டிகளுக்கு என்று செய்கிற போர்ட்டில் விளையாடும் பரப்பு ஒரு பக்கம் 74 சென்ரிமீற்றர் வரும், பிளைவுட் குறைந்தது 8 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கவேண்டும். பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்குமேல் ஒன்றாக, நார் ஓடுகிற திசையை மாற்றி மாற்றி ஒட்டினது. அதனால்தான் அது தனிப்பலகை மாதிரி இலகுவில் வளையாது. ஆனால் ஒரு பக்கம் ஈரம் குடித்து மற்றப் பக்கம் காய்ந்திருந்தால் அதுவும் வளையும். நாங்கள் எல்லாரும் பார்த்துப் பார்த்துத் துடைக்கிறது மேற்பக்கத்தை. அங்கே ஏற்கெனவே வார்னிஷ் இருக்கிறது. அடிப்பக்கம் அனேகமான போர்ட்டுகளில் வெறும் மரம். ஈரம் போகிறது அந்த வழியால்தான். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழையும் வாடைக்காற்றுமாக இருக்கிற எங்கட ஊரில், சீமெந்து நிலத்திலோ வெளிச்சுவரிலோ முட்டிக்கொண்டு நிற்கிற போர்ட் மாரி முழுக்க ஈரம் குடிக்கும்.

ஆகவே முதல் வேலை, போர்ட்டைப் பிரட்டிப் பார்க்கிறது. அடியில் குறுக்குச் சட்டங்கள் ஆடுதா, ஆணி கிளம்பியிருக்கா, கறையான் மண் ஏதும் ஒட்டியிருக்கா என்று பார்க்கவேணும். பிறகு வெயில் காலத்தில், நன்றாகக் காய்ந்த ஒரு நாளில், அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் பூசினால் போதும். எங்கட போர்ட்டுக்கு அப்பா அதைச் செய்துவிட்டிருந்தார். ஒருமுறை கறையான் வந்து பலகையின் ஓரத்தைச் சுரண்டியிருந்தது. சட்டத்தை அது தொடவே இல்லை. திருத்த வந்த ஐயா தட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், இது வேம்பு. கசக்கும், அதுதான் விட்டிட்டுப் போயிருக்கு" என்றார்.

வைக்கிற இடம் அடுத்தது. சாய்த்து வைக்காதீர்கள். சாய்ந்து நிற்கிற பலகை தன்னுடைய பாரத்தாலேயே மெல்ல மெல்ல வளையும். படுக்க வைக்க இடம் இருந்தால், நிலத்தில் படாமல் கீழே இரண்டு மரச்சட்டம் போட்டுப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டின் உள்சுவர் ஒன்றில் ஆணி அடித்துத் தொங்கவிடலாம். வெளிச்சுவர் வேண்டாம், மழைக்கு ஊறும். யன்னல் வெயில் நேரே படுகிற இடமும் வேண்டாம். மேலே ஒரு பழைய பருத்தி வேட்டி போர்த்தால் நல்லது. பொலித்தீன் உறை போட்டால் உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

சோளகம் தொடங்கினால் பிரச்சினை மாறும். அப்போது ஈரம் இல்லை, புழுதி. கண்ணுக்குத் தெரியாத மணல் துணிக்கை ஒன்று காய்க்குக் கீழே அகப்பட்டால் வார்னிஷில் கீறல் விழும். அதனால் விளையாட முதல் துடைக்கவேண்டும், விளையாடி முடிந்த பிறகும் துடைக்கவேண்டும். காய்ந்த பருத்தித் துணி மட்டும். ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த ஈரம் கோட்டு மை வெடித்த இடங்களால் உள்ளே இறங்கும்.

பவுடரைப் பற்றித்தான் வீட்டில் கூடுதலான சண்டை. கடையில் கரம் பவுடர் என்று விற்கிறதில் பெரும்பாலும் போரிக் அமிலம் இருக்கும். அதன் பளிங்குகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பதால் ஒன்றுக்குமேல் ஒன்று வழுக்கும். காயும் அதோடு வழுக்கும். ஆனால் அதே போரிக் அமிலத்தைக் கரப்பான் பூச்சிக்கும் மருந்தாக வைக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. உடம்புக்குள் போகக்கூடாத சாமான். விளையாடிக்கொண்டு மிக்சர் சாப்பிடுகிற பழக்கத்துக்கு எங்கட வீட்டில் இடமில்லை. சின்னப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பவுடர் போத்தல் உயரத்தில் இருக்கவேண்டும், முடிந்த பிறகு எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். முகத்துக்குப் பூசுகிற பவுடர் அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் மாரியில் கட்டியாகி ஒட்டும். அரிசிமாப் போட்டால் எறும்பு வரும். எதைப் போட்டாலும் கொஞ்சமாகப் போடுங்கள். கோடு மறைகிற அளவுக்குக் கொட்டினால் காய் ஓடாது, மாவுக்குள் உழும்.

காய்களுக்கும் வேலை இருக்கிறது. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஒவ்வொன்றும் 5 கிராம் சொச்சம். பவுடரும் கை வியர்வையும் சேர்ந்து விளிம்பில் ஒரு படை பிடிக்கும். மாதத்துக்கு ஒருதடவை ஒவ்வொன்றாக எடுத்துக் காய்ந்த துணியில் தேய்த்தால் போய்விடும். பிறகு மூடி இறுக்கமான ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பைக்கற் ஒன்றையும் வைத்துவிடுங்கள். ஸ்ரைக்கரின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தடக்கினால் அந்த ஸ்ரைக்கர் உங்கள் கோடுகளையும் கீறிக்கொண்டிருக்கிறது. போட்டி விதிப்படி ஸ்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பாரம் கூடினதால் அடித்தால் "டம்" என்று சத்தம் வரும், கேட்க வடிவு. சட்டத்தின் மூட்டு மெல்லக் கழரத் தொடங்குவதும் அந்தச் சத்தத்தில்தான்.

மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கிற ரசமட்டம் தேவையில்லை. போனில் அதற்கென்று அப் இருக்கிறது. போர்ட்டின் நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். பலகை நேராக இருந்து மேசைதான் கோணல் என்றால் ஒரு காலுக்குக் கீழே மட்டை மடித்து வைத்தால் சரி. வெளிச்சம் நேரே மேலே இருந்து விழவேண்டும். பக்கவாட்டில் இருந்து வந்தால் சட்டத்தின் நிழல் ஒரு பக்கக் கோட்டை மூடும், அந்தப் பக்கம் இருக்கிறவர் பாவம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தல் விளக்கில் விளையாடினதாக அப்பா சொல்லுவார். நாங்கள் அதைப் பழங்கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் போனபோது, சார்ஜ் லைற் ஒன்றைக் கயிற்றில் கட்டி வளையில் தொங்கவிட்டு நாங்களும் விளையாடினோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைக் கொஞ்சம் நடுவுக்கு இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

இவ்வளவும் யார் செய்கிறது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

எங்கட வீட்டுக்கு லீவு நாளில் மச்சான்மார் வருவினம். வந்து இருப்பினம், அடிப்பினம், தேத்தண்ணி குடிப்பினம், போவினம். போன பிறகு பவுடரைத் துடைக்கிறது, காயை எண்ணுகிறது, சிவப்பைக் கதிரைக்குக் கீழே தேடி எடுக்கிறது எல்லாம் நாங்கள். முன்பு அம்மா செய்தா, இப்போது நாங்கள் செய்கிறோம். விளையாட்டு என்றால் அவர்களுடையது, சாமான் என்றால் எங்களுடையது என்பது மாதிரி. கோயில் மண்டபம் கழுவுவது தொடக்கம் கலியாண வீட்டுச் சட்டி பானை வரை இதே பங்கீடுதான் என்று பெரிய கட்டுரை எழுதலாம். எங்களுக்கு அதில் ஒரு சின்ன இலாபமும் கிடைத்தது. துடைத்துத் துடைத்தே அந்தப் பலகையை எங்களுக்கு மனப்பாடம். வாசல் பக்க இடது மூலையில் காய் கடைசி நாலு விரலுக்குள் வேகம் குறையும் என்று தெரியும். எந்தச் சட்டம் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி அனுப்பும் என்று தெரியும். மச்சான்மார் "இண்டைக்குக் கை சரியில்லை" என்று சொல்லித் தோற்கிறபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஆனால் தோற்றாலும் அவர்களுக்குப் போக வேறு இடம் இருக்கிறது. எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எந்தப் பொடியனும் போய் இருந்து விளையாடலாம். பெட்டைகள் பத்திரிகை எடுக்கப் போகலாம், பத்து நிமிசத்தில் திரும்பி வரலாம். இருந்து விளையாடக் கூடாது என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அதனால் எங்கட போர்ட் வளைந்தால் எங்கட விளையாட்டு முடிந்தது. நாங்கள் இதை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறதுக்குக் காரணம் பொருள்மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை. எங்களுக்கு இருக்கிறது இது ஒன்றுதான்.

கரம் ஆம்பிளையளின் விளையாட்டு என்று யாரும் சொன்னால் 2024 கார்த்திகை மாதத்தைப் பற்றிச் சொல்லலாம். கலிபோர்னியாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் எடுத்தா. ஓட்டோ ஓட்டுகிற ஒருவரின் மகள். எங்கட நாட்டுக்கும் இதில் பெயர் உண்டு. 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையரை வென்றவர் இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ. இதெல்லாம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெற் ஸ்கோர் என்றால் அம்மம்மாவுக்கும் தெரியும்.

போன வருசம் சித்திரைப் பிறப்புக்கு நிலையத்தில் கரம் சுற்றுப்போட்டி வைத்தார்கள். அவர்களுடைய இரண்டு போர்ட்டில் ஒன்று குழிந்துபோய்விட்டது. மழை ஒழுகுகிற பக்கத்தில் மாரி முழுக்கச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் சொந்தமான சாமான், ஆனபடியால் பிரட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. மூன்று பொடியன்கள் வீட்டுக்கு வந்து, "அன்ரி, உங்கட போர்ட்டை ரெண்டு நாளைக்குத் தருவியளோ?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா எங்களைப் பார்த்தா. "அவையளிட்டைக் கேளுங்கோ தம்பி, அவையள்தான் அதைப் பாக்கிறது" என்றா.

தருவோம் என்றோம். படுக்க வைத்துத் தூக்கவேண்டும், மேலே தண்ணிப் போத்தல் வைக்கக்கூடாது, பவுடர் எங்கடை. கடைசியாக, இரட்டையர் பட்டியலில் எங்கட இரண்டு பேரின் பெயர் போடவேண்டும். முதல் மூன்றுக்கும் உடனே தலையாட்டினவர்கள் நாலாவதுக்குக் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார்கள். "தலைவரிட்டைக் கேக்கவேணும், தங்கச்சி." கேட்டுவிட்டு வாருங்கள், போர்ட் இங்கேதான் இருக்கும் என்றோம்.

அடுத்த நாள் பின்னேரம் வந்தார்கள். பெயர் போட்டிருந்தார்கள். முதல் சுற்று வென்றோம், இரண்டாவதில் தோற்றோம். வாசலில் நின்று பார்த்த ஆட்களில் எங்களைவிடச் சின்னப் பெட்டைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஸ்ரைக்கரைக் கேட்டு வாங்கி, அடிக்காமல் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தாள்.

போர்ட் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு பொக்கற்றின் வலை மட்டும் கிழிந்திருந்தது, நைலோன் நூலால் பின்னிவிட்டோம். நிலையத்தின் குழிந்த போர்ட் இன்னும் அதே மூலையில்தான் நிற்கிறது. இரண்டு நாள் நிழலில் குப்புறப் படுக்க வைத்து, நடுவில் கல் ஏற்றிப் பார்த்தால் கொஞ்சமாவது நிமிரும் என்று அந்த ஐயா சொல்லுகிறார். அது நிமிராவிட்டால் சட்டத்தைக் கழற்றிப் புதுப் பலகை போடலாமாம், சட்டம் இன்னும் நல்லம். புரட்டாசிக்குள் முடித்தால்தான் வார்னிஷ் காயும். திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்திருக்கிறோம்.