முத்தையாபுரத்தில் ஒரு சாக்ஸபோன்

முத்தையாபுரம்

அன்புள்ள மாப்பிள்ளை,

திருச்செந்தூர் ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? உப்பு லாரியும் துறைமுக லாரியும் விடிய விடிய ஓடுகின்றன. காற்றில் மூக்குக்கண்ணாடிகூடப் பிசுபிசுக்கிறது. காப்பியைப் பற்றி எழுதினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், விடு.

பரோட்டா மட்டும் ஒசத்தி. ராத்திரிக் கடையை இங்கே நைட் கிளப் என்கிறார்கள். நேற்று என் எதிரே ஒரு பேண்டு செட்டு வந்து உட்கார்ந்தது. கல்யாண ஊர்வலம் முடித்த களைப்பு, பொத்தான் போன சிவப்புக் கோட்டு. பெரியவர் ஒருவர் சாக்ஸபோனை மடியைவிட்டு இறக்கவே இல்லை. சால்னா தெறிக்காமல் அதன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்.

"அண்ணாச்சி, 'டூயட்' பாட்டு வாசிப்பீங்களா?"

"அத வாசிக்கலேன்னா எவன் சார் துட்டு தாரான்?"

கை கழுவிவிட்டு வாசலில் நின்று மெதுவாக ஊதிக் காட்டினார். விரல் அழுத்தின இடத்திலேயே இருக்க, உதடு இறுகித் தளர்ந்தது. சுரம் வழுக்கிக்கொண்டு மேலேறி இறங்கியது. "கீ ஒரு சுரந்தான் சார் தரும். மிச்சம் உதட்டுலதான் இருக்கு."

1994இல் 'டூயட்' படத்துக்கு வாசித்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு சேர்ந்து வாசித்தார். ஜாஸ்காரர்களும் சுரத்தை உதட்டால் வளைப்பவர்கள்தானே, சுரத்தை அசைத்து வளைக்கும் நம் கமகம் அவர்களுக்கு அந்நியமாகப் பட்டிருக்காது. ஜாஸ் கிடார்க்காரர் மெக்லாக்லினும் தம் சக்தி குழுவுக்காகக் கிடாரின் விரல் பலகையையே குழித்து வாங்கிக்கொண்டார், தந்தியை நம் வீணைபோல இழுத்து வாசிக்க. இப்படி வாத்தியத்தோடு மல்லுக்கட்டினால்தான் இசை கலக்கும். சீசனில் நாம் பார்க்கிற ஃப்யூஷன் கச்சேரிகளில் கிடாருக்கு ஒரு சுற்று, வயலினுக்கு ஒரு சுற்று, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஓட்டப்பந்தயம். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களா?

ஆர்மோனியத்தையே வீட்டுக்குள் விடாத உனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். ஆனால் நம்ம திருவாரூர்க்காரரே இதை முன்னால் செய்தவர். முத்துசாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்தியம் கட்டினார், நாற்பது உருப்படி அளவுக்கு. அதில் ஒன்றின் மெட்டு இங்கிலீஷ் ராஜாவை வாழ்த்துகிற பாட்டு! தம்பி பாலுசாமி பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். அண்ணன் 1835இல் அங்கேயே காலமானார்.

எட்டயபுரம் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை சமாதிக்குப் போய்வருகிறேன். நான் ஊர் திரும்புவதற்குள் நோட்டுஸ்வரம் ஒன்றையாவது உன் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்து வை. குழந்தைகளுக்கு அது சட்டென்று பிடிபடும்.