ஓசையும் பொருளும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பொழுது ‘பொலபொல’வென விடிகிறது. விடியலுக்கு ஓசை ஏது? முற்றிய நெல்மணி உதிர்வதும், கண்ணீர் சொரிவதும் பொலபொலவெனத்தான். உதிர்வின் ஓசையை ஒளிக்கு ஏற்றிச் சொன்ன அந்த முதல் மனிதன் யாரோ!

இரட்டைக்கிளவி இரண்டாகப் பிரிந்து இசையாது என்றார் தொல்காப்பியர். இவ்விதியைக் கூறி, ‘சலசல’ என்று கரும்பலகையில் எழுதியதும் பாடம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அது அங்கேதான் தொடங்க வேண்டும். ஓடை சலசலக்கிறது, அரசிலை சலசலக்கிறது, தலைவர் பேசி முடிக்குமுன்னரே அவையும் சலசலக்கிறது. முன்னவை இரண்டும் செவிக்கு இனியவை. மூன்றாவதோ எதிர்ப்பின் தொடக்கம். ‘குறுகுறு’ இன்னும் விந்தையானது. மழலையின் பார்வை குறுகுறுக்கும். செய்த பிழையை எண்ணி நெஞ்சமும் குறுகுறுக்கும். கள்ளமின்மைக்கும் குற்றவுணர்வுக்கும் ஒரே சொல்!

சுவரில் ஒலிக்கும் பல்லிக்கு அதன் குரலையே பெயராக்கிச் ‘சிச்சாக்’ என்றனர் மலாய் மக்கள். தமிழரோ அக்குரலைச் செய்தியாக்கி, ‘பல்லி சொல்கிறது’ என்றனர். உயிர் ஒன்று, ஒலி ஒன்று. கேட்ட செவிகள் வேறு.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1886இல். 1995 முதல் அத்தடத்தில் மின்தொடர்வண்டி ஓடுகிறது; புகையுமில்லை, பெருமூச்சுமில்லை. ஆயினும் அதில் பயணம் செய்யும் குழந்தை, ரயில் விளையாட்டில் ‘கூ… சிக்குபுக்கு’ என்றுதான் ஓடுகிறது. தான் ஒருநாளும் கேட்டறியாத நீராவி எஞ்சினின் மூச்சை அது தன் வாயில் சுமந்து செல்கிறது.

எல்லா ஓசைக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. பால்மரக் காட்டில் வெயில் ஏற ஏற, முற்றிய காய் ‘படீர்’ என வெடித்து விதை தெறிக்கும். விடியற்காலை அமைதியில் மங்கில் பால் சொட்டும். ‘சொட்டு’ என்ற சொல்லே துளி விழும் ஓசையிலிருந்து பிறந்ததோ என எண்ணத் தோன்றும். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வளரும் பிள்ளைக்குச் சொட்டு என்பது மருந்துப் புட்டியில் உள்ளது.

பிற்பகல் வகுப்பில் இரட்டைக்கிளவி யாதென ஆசிரியர் வினவுகிறார். மாணவன் எழுந்து விதியையும் எடுத்துக்காட்டுகளையும் ‘கடகட’வென ஒப்பிக்கிறான். வெளியே கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலைமழைக்கு முன்வரும் இடி, அதே ‘கடகட’வென உருள்கிறது. அவன் சன்னல் பக்கம் திரும்பவில்லை, ஆசிரியரும் திரும்பவில்லை.